தேடுபொறிக்கு உலாவி எதற்கு?



2008 செப்டம்பர் 1, திங்கட்கிழமை. அமெரிக்காவில் தொழிலாளர் தின விடுமுறை. அன்று ஐரோப்பாவில் சிலருக்குத் தபாலில் ஒரு சித்திரக்கதைப் புத்தகம் வந்து சேர்ந்தது. வரைந்தவர் ஸ்காட் மெக்லவுட். சித்திரக்கதை என்னும் கலையையே சித்திரக்கதையாக எழுதி விளக்கியவர். இந்தப் புத்தகத்தில் அவர் வரைந்திருந்தவர்கள் கூகுள் நிறுவனத்தின் பொறியாளர்கள். ஓர் உலாவியைத் தாங்கள் எப்படிக் கட்டினோம் என்று கட்டம் கட்டமாகப் பேசுகிறார்கள். அது அன்று வந்திருக்கக் கூடாது. ஒரு நாள் முந்திவிட்டது. கையில் கிடைத்த ஒருவர் பக்கங்களை ஸ்கேன் செய்து வெளியிட்டுவிட, கூகுள் அன்றைக்கே உண்மையை ஒப்புக்கொண்டது. மறுநாள், செப்டம்பர் 2 அன்று, விண்டோஸ் கணினிகளுக்கான சோதனைப் பதிப்பாகக் குரோம் வெளியானது.

செய்தி திடீரென்று வந்தாலும் அதன் வாசனை நான்கு ஆண்டுகளாக அடித்துக்கொண்டுதான் இருந்தது. 2004இலேயே ‘ஜிபிரவுசர்’ என்ற இணைய முகவரியைக் கூகுள் தன் பெயரில் பதிந்து வைத்தது. அதே ஆண்டு, உலாவி செய்யத் தெரிந்தவர்களை அந்த நிறுவனம் தேடித் தேடி வேலைக்கு எடுக்கிறது என்று நியூயார்க் பத்திரிகைகள் எழுதின. 2005 ஜனவரியில் ஃபயர்ஃபாக்ஸ் உலாவியின் முதன்மைப் பொறியாளர் பென் குட்ஜர் கூகுள் ஊழியரானார். அதே உலாவியில் வேலை செய்த டேரின் ஃபிஷரும் சேர்ந்தார். வருமா, வராதா என்று கணினி உலகம் பேசிக்கொண்டே இருந்தது. இந்த நான்கு ஆண்டுகள்தான் இன்றைய என் பேச்சின் மையம். ஒரு நிறுவனம் எதற்கு அஞ்சியது, அந்த அச்சத்திலிருந்து எதைச் செய்தது, செய்த பிறகு தான் யாராக மாறியது என்பதைப் பார்க்க இதைவிடத் தெளிவான கதை எனக்குத் தெரியவில்லை.

தயங்கியவர் எரிக் ஷ்மிட், அப்போதைய தலைமை நிர்வாகி. நிறுவனர்களான லாரி பேஜும் செர்கே பிரின்னும் உலாவி வேண்டும் என்றார்கள். ஷ்மிட் ஆறு ஆண்டுகள் மறுத்ததாக அவரே பின்னாளில் சொல்லியிருக்கிறார். காரணம் புரிந்துகொள்ளக்கூடியது. கூகுளுக்கு வருவதற்கு முன் அவர் சன் நிறுவனத்திலும் நாவெல் நிறுவனத்திலும் இருந்தவர். இரண்டுமே மைக்ரோசாஃப்டுடன் மோதி அடிபட்ட நிறுவனங்கள். உலாவிச் சந்தையில் மைக்ரோசாஃப்டை எதிர்த்தவர்களுக்கு என்ன ஆனது என்பது அவருக்கு நன்றாகவே தெரியும்.

என்ன ஆனது என்று சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1994இல் நெட்ஸ்கேப் வந்தது. உலகமே அதைப் பயன்படுத்தியது. 1995 மே மாதம் பில் கேட்ஸ் தன் அதிகாரிகளுக்கு ஒரு நீண்ட குறிப்பு அனுப்பினார். அதில் அவருடைய கவலை இதுதான்: உலாவிக்குள்ளேயே எல்லா வேலையும் நடக்கத் தொடங்கினால், கீழே இருப்பது விண்டோஸா வேறொன்றா என்று யார் கவலைப்படுவார்கள்? அந்த ஆகஸ்டில் இன்டர்நெட் எக்ஸ்புளோரர் பிறந்தது. விரைவிலேயே விண்டோஸோடு சேர்த்தே, இலவசமாக வந்தது. 1998இல் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. நீதிபதி தாமஸ் பென்ஃபீல்டு ஜாக்சன் மைக்ரோசாஃப்டை ஏகபோக நிறுவனம் என்றார். நிறுவனத்தையே இரண்டாகப் பிளக்கச் சொன்னார். 2001இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் பிளக்கும் உத்தரவை ரத்து செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் ஏஓஎல் நிறுவனத்துக்கு விற்கப்பட்டு, பெயரளவில்தான் மிஞ்சியிருந்தது. நூறு பேரில் தொண்ணூறு பேருக்கு மேல் எக்ஸ்புளோரர்தான். நம் ஊர் பிரவுசிங் சென்டர்களில் அந்த நாட்களில் உட்கார்ந்தவர்களுக்கு அந்த நீல நிற ‘இ’ எழுத்து நினைவிருக்கும். அதை இரண்டு முறை தட்டினால் இணையம் வரும். வேறு வழி இருப்பதாகவே யாரும் சொல்லித் தரவில்லை.

போட்டி இல்லாமல் போனதும் மைக்ரோசாஃப்ட் வேலையை நிறுத்திவிட்டது. எக்ஸ்புளோரர் 6 வந்தது 2001இல். அடுத்த பதிப்பு 2006 அக்டோபரில். நடுவில் ஐந்து ஆண்டுகள்! எக்ஸ்புளோரர் குழுவே ஏறக்குறையக் கலைக்கப்பட்டது. இணையத்தின் வரலாற்றில் இந்த ஐந்து ஆண்டுகளை நான் பெரிய இழப்பாகவே கருதுகிறேன். பாதுகாப்பு ஓட்டைகள் நிறைந்த ஒரு மென்பொருளை உலகம் முழுவதும் வேறு வழியின்றிப் பயன்படுத்திக்கொண்டிருந்தது. அந்த இருட்டில் நெட்ஸ்கேப் விட்டுச்சென்ற நிரலிலிருந்து மொசில்லா என்ற லாப நோக்கற்ற அமைப்பு எழுந்து, 2004 நவம்பரில் ஃபயர்ஃபாக்ஸ் 1.0ஐக் கொடுத்தது. ஆயிரக்கணக்கான தன்னார்வலர்கள் காசு போட்டு நியூயார்க் டைம்ஸில் இரண்டு முழுப் பக்க விளம்பரம் கொடுத்தார்கள்.

கூகுளின் நிலை அப்போது எப்படி இருந்தது? 2004 ஏப்ரலில் ஜிமெயில், 2005 பிப்ரவரியில் வரைபடம், பிறகு எழுத்தாவணங்கள் என்று பக்கத்தைத் திரும்பத் திரும்ப ஏற்றாமலே வேலை செய்யும் செயலிகளை உலாவிக்குள் கொண்டுவந்துவிட்டது. இதற்கு அடிப்படையான நுட்பம் மைக்ரோசாஃப்டின் சொந்தக் கண்டுபிடிப்பு. அவுட்லுக் அஞ்சலை இணையத்தில் காட்டுவதற்காக எக்ஸ்புளோரர் 5இல் சேர்த்தது. கேட்ஸ் 1995இல் அஞ்சியதை கூகுள் பத்தாண்டு கழித்து நிஜமாக்கிக்கொண்டிருந்தது. ஆனால் அது ஓடியது மைக்ரோசாஃப்டின் உலாவியில். கடை நன்றாக நடக்கிறது. கடைக்கு வரும் சந்து மட்டும் எதிர்க்கடைக்காரர் பட்டாவில் இருக்கிறது. அவர் என்றைக்கு வேலி போடுவார் என்று தெரியாது.

அந்த வேலியைப் பற்றி முழுநேரமாகக் கவலைப்படும் வேலை ஒருவரிடம் இருந்தது. மதுரையில் பிறந்து, சென்னையில் வளர்ந்து, கரக்பூர் ஐஐடியில் உலோகவியல் படித்த சுந்தர் பிச்சை. 2004இல் கூகுளில் சேர்ந்த அவருக்குக் கொடுக்கப்பட்டது கூகுள் டூல்பார். எக்ஸ்புளோரரின் தலையில் கூகுள் தேடல் பெட்டியை ஒட்டவைக்கும் சிறு மென்பொருள். பார்வைக்கு எளிய பொருள்தான், ஆனால் கூகுளின் வருமானத்துக்கு அது ஒரு முக்கியமான வழி. 2006இல் எக்ஸ்புளோரர் 7இன் சோதனைப் பதிப்பு வந்தபோது, அதன் மூலையில் மைக்ரோசாஃப்டே ஒரு தேடல் பெட்டியை வைத்து, அதில் தன் தேடுபொறியையும் பொருத்தியிருந்தது.

கூகுள் அப்போது என்ன செய்தது என்பதைக் கவனமாகக் கேளுங்கள். அமெரிக்க நீதித் துறையிடமும் ஐரோப்பிய ஆணையத்திடமும் போய் முறையிட்டது. முதலிலேயே வைத்துக் கொடுக்கும் டிஃபால்ட்தான் பெரும்பாலானவர்களிடம் நிலைத்துவிடும், ஆகவே உலாவியை முதன்முதலாகத் திறக்கும்போதே எந்தத் தேடுபொறி வேண்டும் என்று பயனரிடம் கேட்க வேண்டும் என்பது கூகுளின் வாதம். நீதித் துறை ஏற்கவில்லை. வேண்டியவர்கள் மாற்றிக்கொள்ளலாமே, அது எளிதுதானே என்று சொல்லிவிட்டது. இருபது ஆண்டுகளுக்குப் பிறகு இந்த வாதத்தைப் படிக்கும்போது ஒவ்வொரு வரியும் சரி என்றே எனக்குத் தோன்றுகிறது. கூகுள் சொன்னது உண்மை. நீதித் துறை அன்று தவறியது.

இந்த நெருக்கடிதான் உலாவியைப் பெற்றெடுத்தது. ஃபயர்ஃபாக்ஸிலிருந்து வந்தவர்கள் ஒரு மாதிரியைச் செய்து காட்டினார்கள். அதைப் பார்த்து ஷ்மிட் மனம் மாறினார். பிச்சை அந்தத் திட்டத்தை நடத்தினார்.

இனி பொறியியலைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல அனுமதியுங்கள். மாணவர்கள் இருக்கிறீர்கள், மேலும், நல்ல வேலையை நல்ல வேலை என்று சொல்லாமல் விமர்சனத்துக்குப் போவது நியாயமல்ல.

அதுவரை உலாவிகளில் எத்தனை டேப் திறந்தாலும் எல்லாம் ஒரே நிரலாக ஓடும். ஏதோ ஒரு பக்கம் தடுக்கி விழுந்தால் மற்ற எல்லாமும் சேர்ந்து மூடிக்கொள்ளும். பாதி எழுதிய கடிதம் போய்விடும். குரோம் ஒவ்வொரு டேப்பையும் தனித்தனிச் செயல்முறையாகப் பிரித்தது. ஒன்று விழுந்தால் அது மட்டுமே விழும். அதோடு, அந்தச் செயல்முறைகளைக் கணினியின் கோப்புகளைத் தொட முடியாதபடி அடைத்து வைத்தது. தீய நிரல் ஒரு பக்கத்துக்குள் புகுந்தாலும் வெளியே கை நீட்ட முடியாது. இதற்குக் கொடுத்த விலை நினைவகம். குரோம் நிறைய ராம் தின்கிறது என்று இன்றும் நீங்கள் குறைப்படுவதன் வேர் அங்கேதான் இருக்கிறது. எனக்கு அது கொடுக்கத் தகுந்த விலைதான்.

அடுத்தது வேகம். நெட்ஸ்கேப் காலத்தில், 1995இல், பத்தே நாளில் எழுதப்பட்ட மொழி ஜாவாஸ்கிரிப்ட். பொத்தானை அழுத்தினால் படம் மாறுவது போன்ற சில்லறை வேலைகளுக்காக வந்தது. ஜிமெயில் மாதிரியான பெரிய செயலிகளை அது சுமக்கத் தொடங்கியதும் மூச்சு வாங்கியது. கூகுள் டென்மார்க்கின் ஆர்ஹூஸ் நகரத்தில் லார்ஸ் பாக் என்ற வல்லுநரிடம் இதை ஒப்படைத்தது. ஜாவா மொழிக்கான வேகமான எந்திரத்தைச் செய்ததில் பங்கு பெற்றவர் அவர். அவர் குழு எழுதிய வி8 எந்திரம், ஜாவாஸ்கிரிப்டை வரிவரியாகப் படித்து விளக்காமல் நேரே கணினிச் சில்லின் மொழிக்கே மாற்றியது. பலன் குரோமோடு நிற்கவில்லை. போட்டியாளர்கள் எல்லாரும் தங்கள் எந்திரங்களைத் திருத்தி எழுத வேண்டியதாயிற்று. 2009இல் அதே வி8ஐ எடுத்து உலாவிக்கு வெளியே ஓட்டியதுதான் நோட்.ஜேஎஸ். இந்த அரங்கில் இருக்கும் மாணவர்களில் பலர் அதை வைத்துத்தான் நாளை சம்பாதிக்கப் போகிறீர்கள்.

பக்கத்தை வரையும் பகுதியைக் கூகுள் புதிதாக எழுதவில்லை. ஆப்பிளின் வெப்கிட்டை எடுத்துக்கொண்டது. ஆப்பிளும் அதைச் சொந்தமாகத் தொடங்கவில்லை. கேடிஈ என்ற லினக்ஸ் தன்னார்வலர்களின் கேஎச்டிஎம்எல்தான் அதன் அடித்தளம். ஊதியம் வாங்காமல் எழுதியவர்களின் நிரல் இன்று உலகின் பெரும்பாலான கைபேசிகளுக்குள் ஓடிக்கொண்டிருக்கிறது. கூகுளும் தன் பங்குக்குக் குரோமின் பெரும்பகுதியைக் குரோமியம் என்ற பெயரில் திறந்த நிரலாகவே வெளியிட்டது.

மூன்றாவது, முகவரிப் பட்டையும் தேடல் பெட்டியும் ஒன்றானது. பயனருக்கு வசதி. கூகுளுக்கோ அதைவிடப் பெரிய வசதி. முகவரி தெரிந்தவர்கூட இனி தேடல் வழியாகவே நடப்பார். தட்டச்சு செய்யச் செய்ய எழுத்துகள் கூகுளின் கணினிகளுக்குப் போகும், பரிந்துரைகள் திரும்பி வரும். வெளியான வாரத்திலேயே இரண்டு சர்ச்சைகள் எழுந்தன. உலாவி வழியாகப் பயனர் அனுப்பும் எதையும் கூகுள் பயன்படுத்திக்கொள்ளலாம் என்ற பொருள்படும் பிரிவு ஒன்று உரிம ஒப்பந்தத்தில் இருந்தது. எதிர்ப்பு வந்ததும் ஓரிரு நாளில் எடுத்துவிட்டார்கள். தட்டும் எழுத்துகளில் ஒரு சிறு பங்கைச் சேமிப்போம் என்றார்கள். பிறகு அடையாளங்களை 24 மணி நேரத்துக்குள் நீக்குவோம் என்று இறங்கி வந்தார்கள். மக்கள் கேட்டால் பெரிய நிறுவனமும் அசையும் என்பதற்கு இவை சான்று. அந்த வாரம் குரோமின் சந்தைப் பங்கு சொற்பம். கேட்டதும் அசைந்ததற்கு அதுவும் ஒரு காரணம் என்றே நான் நம்புகிறேன்.

2012 மே மாதம் ஸ்டாட்கவுன்டர் நிறுவனத்தின் கணக்கில் குரோம் எக்ஸ்புளோரரை முந்தியது. 2013இல் ஓப்பரா தன் சொந்த எந்திரத்தைக் கைவிட்டுக் குரோமியத்துக்கு மாறியது. 2018 டிசம்பரில் மைக்ரோசாஃப்டே தோல்வியை ஏற்று, தன் எட்ஜ் உலாவியைக் குரோமியத்தின் மேல் கட்டப்போவதாக அறிவித்தது. இப்போது உலகில் பரவலாகப் புழங்கும் உலாவி எந்திரங்கள் மூன்றுதான்: வெப்கிட்டிலிருந்து கிளைத்த கூகுளின் பிளிங்க், ஆப்பிளின் வெப்கிட், மொசில்லாவின் கெக்கோ. அந்த மூன்றாவதற்கும் சோறு போடுவது யார்? ஃபயர்ஃபாக்ஸில் கூகுளை டிஃபால்ட்டாக வைத்திருப்பதற்குக் கூகுள் கொடுக்கும் பணம். 2006இலேயே மொசில்லா வருமானத்தில் ஏறக்குறைய 85 விழுக்காடு அங்கிருந்துதான் வந்தது. இன்றும் பெரும்பகுதி அதுதான்.

அந்த டிஃபால்ட்டை அடுத்தவர் வைத்தபோது அநியாயம் என்று முறையிட்ட கூகுள், 2021இல் மட்டும் உலகெங்கும் அந்த இடத்தை வாங்குவதற்குச் செலவிட்டது 2,630 கோடி டாலர். 2022இல் ஆப்பிளுக்கு மட்டும் 2,000 கோடி டாலர். இந்தக் கணக்குகள், கூகுள் மீது அமெரிக்க நீதித் துறை தொடுத்து வாஷிங்டன் நீதிமன்றத்தில் நீதிபதி அமித் மேத்தா முன் நடந்த வழக்கில் வெளிவந்தவை. அவர் 2024 ஆகஸ்டில் எழுதிய தீர்ப்பில் ஒரு கணக்கு என் மனத்தில் அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்கத் தேடல்களில் ஏறக்குறையப் பாதி, இப்படி ஒப்பந்தம் போட்டு வாங்கிய இடங்களில் நடக்கிறது. இன்னும் 20 விழுக்காடு, பயனர் தாமே இறக்கிக்கொண்ட குரோமில் நடக்கிறது. அங்கேயும் டிஃபால்ட் கூகுள்தான். மறுபக்கம், மைக்ரோசாஃப்டின் எட்ஜில் நடக்கும் தேடல்களில் 80 விழுக்காடு அதன் தேடுபொறியான பிங்குக்குப் போகிறது. மற்ற இடங்களில் யாரும் தேடிப்போகாத பிங், டிஃபால்ட்டாக இருக்கும் இடத்தில் அரசாள்கிறது. 2006இல் கூகுள் சொன்ன வாதத்துக்கு இதைவிட வலுவான நிரூபணம் கிடைக்காது. அந்த நிரூபணத்தைச் சுமந்து கூகுளே குற்றவாளிக் கூண்டில் நின்றது.

இதில் நமக்கும் பங்கு உண்டு. ஆண்ட்ராய்டு கைபேசியில் பிளே ஸ்டோர் வேண்டுமானால் தேடலையும் குரோமையும் மற்றவற்றையும் சேர்த்தே பதிய வேண்டும் என்று தயாரிப்பாளர்களைக் கட்டாயப்படுத்தியதற்காக இந்தியப் போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு 1,337.76 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. ஐரோப்பிய ஆணையம் இதே காரணத்துக்காக 2018இல் 434 கோடி யூரோ விதித்திருந்தது. டெல்லியில் அந்த உத்தரவை எழுதியவர்களுக்கு நாம் உரிய நன்றி சொல்லவில்லை என்பது என் வருத்தம்.

அமெரிக்க நீதித் துறை 2024 நவம்பரில் ஒரு படி மேலே போய், குரோமையே விற்கச் சொல்ல வேண்டும் என்று கேட்டது. வாங்குவதற்கு வரிசை நின்றது. செயற்கை நுண்ணறிவு நிறுவனமான ஓப்பன்ஏஐயின் அதிகாரி ஒருவர் சாட்சிக் கூண்டிலேயே விருப்பம் சொன்னார். அதே துறையின் பெர்ப்ளெக்சிட்டி நிறுவனம் 3,450 கோடி டாலர் தருவதாக அறிவித்தது. மேத்தா 2025 செப்டம்பர் 2 அன்று, குரோம் பிறந்து சரியாகப் பதினேழு ஆண்டு நிறைந்த நாளில், விற்க வேண்டியதில்லை என்றார். பிரத்யேக ஒப்பந்தங்களைத் தடுத்தார், தேடல் தரவின் ஒரு பகுதியைப் போட்டியாளர்களுக்குக் கொடுக்கச் சொன்னார்.

நண்பர்கள் பலர் இந்தத் தீர்ப்பால் ஏமாற்றம் அடைந்தார்கள். நான் அடையவில்லை, விற்பது என்ற அளவில். குரோமை இன்னொரு விளம்பர நிறுவனமோ செயற்கை நுண்ணறிவு நிறுவனமோ வாங்கினால் பயனருக்கு என்ன மாறும்? டிஃபால்ட்டின் பெயர் மாறும். என் குறை வேறு. குரோமியம் என்ற திறந்த நிரல் இன்று எல்லாருக்கும் அடித்தளம்; ஆனால் அதில் எது சேரும், எது போகும் என்று தீர்மானிப்பவர்களில் மிகப் பெரும்பாலோர் ஒரே நிறுவனத்தின் சம்பளப் பட்டியலில் இருக்கிறார்கள். அதன் விளைவைக் கண்ணால் பார்த்தோம். பயனரைத் தளம் தளமாகப் பின்தொடரும் மூன்றாம் தரப்புக் குக்கிகளை நிறுத்துவோம் என்று 2020இல் கூகுள் அறிவித்தது, தள்ளிப்போட்டது, மீண்டும் தள்ளிப்போட்டது, 2024இல் கைவிட்டது. அதே காலத்தில் உலாவி நீட்சிகளுக்கான விதிகளை மாற்றியதில், பல கோடிப் பேர் நம்பியிருந்த விளம்பரத் தடுப்பான் யூபிளாக் ஆரிஜின் குரோமில் வேலை செய்யாமல் போனது. பாதுகாப்புக்காக என்று கூகுள் காரணம் சொல்கிறது. விளம்பரத்தில் வாழும் நிறுவனம் விளம்பரத் தடுப்பானின் விதியை எழுதுவது தவறு என்றுதான் நான் சொல்வேன், காரணம் எதுவானாலும். 2025 தொடக்கத்தில் லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ் குரோமியத்துக்கு நிதி திரட்ட ஓர் அமைப்பு உருவானது. கூகுள், மைக்ரோசாஃப்ட், மெட்டா, ஓப்பரா சேர்ந்திருக்கின்றன. பணம் பகிரப்படுகிறது. முடிவெடுக்கும் அதிகாரமும் பகிரப்பட வேண்டும். நீதிமன்றம் அதைக் கேட்டிருக்கலாம்.

இதற்கிடையில் அதே கதை புதிய பெயர்களோடு தொடங்கிவிட்டது. பெர்ப்ளெக்சிட்டி 2025 ஜூலையில் காமெட் உலாவியையும், ஓப்பன்ஏஐ அக்டோபரில் அட்லஸ் உலாவியையும் கொண்டுவந்தன. இரண்டும் குரோமியத்தின் மேல் கட்டியவை. கேள்விக்குப் பதில் சொல்லும் நிறுவனம், அடுத்தவர் உலாவியில் குடியிருக்க அஞ்சி, தானே உலாவி கட்டுகிறது. இந்த முறை உலாவி பக்கத்தைக் காட்டுவதோடு நிற்காது; நமக்காகப் படிக்கும், பொத்தானை அழுத்தும், பொருள் வாங்கும். எந்தக் கடையில் வாங்குவது என்ற டிஃபால்ட்டையும் அதுவே வைத்திருக்கும்.

மாணவர்களே, உங்களிடம் ஒரு வேண்டுகோள். மூன்று எந்திரங்களுக்கு வெளியே இரண்டு முயற்சிகள் நடக்கின்றன. ஒன்று சேர்வோ, மொசில்லாவில் பிறந்து, 2020இல் அங்கே ஆட்குறைப்பில் சிக்கி, லினக்ஸ் அறக்கட்டளையிடம் போய்ச் சேர்ந்தது. மற்றது லேடிபேர்ட், ஒரு லாப நோக்கற்ற அமைப்பு முதல் வரியிலிருந்து எழுதி வருவது. இரண்டின் நிரலும் யார் வேண்டுமானாலும் பார்க்கத் திறந்திருக்கிறது. புதிய எந்திரம் ஒவ்வொன்றிலும் தமிழ் சரியாகத் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். ‘கொ’வில் கொம்பும் காலும் எழுத்தின் இரு பக்கமும் சரியாக உட்காருகின்றனவா, ‘ஸ்ரீ’ ஒன்றாக நிற்கிறதா, வரியின் முடிவில் எழுத்து நடுவில் உடைகிறதா, அழிக்கும்போது புள்ளி மட்டும் போகிறதா, முழு எழுத்தும் போகிறதா என்று யாராவது உட்கார்ந்து பார்த்து எழுதினால்தான் அவர்களுக்குத் தெரியும். அதற்கு நிரல் எழுதத் தெரிய வேண்டியதில்லை. ஒரு தமிழ் நாளிதழின் பக்கத்தை அதில் திறந்து, கோணலாகத் தெரிவதைப் படம் பிடித்து அனுப்பினால் போதும். விரும்புகிறவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் வாருங்கள். எப்படி அனுப்புவது என்று காட்டுகிறேன்.

இப்போது உங்கள் கேள்விகளுக்கு வருகிறேன்.